பீரோவில் தூங்கும் கல்யாண கேசட்... டிவிடியாக மாத்தப் போறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

அப்பா, அம்மா கல்யாண வீடியோ கேசட் இன்னும் பல வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. போட்டுப் பார்க்கத்தான் டெக் இல்லை. அந்தக் கேசட்டில் தாத்தா நடந்து வருவார், பாட்டி யாரையோ அதட்டுவார். பல குடும்பங்களில் அவர்களுடைய குரல் வேறு எங்குமே பதிவாகி இருக்காது.

இப்போ என்ன அவசரம்?

ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-ல் அறிமுகப்படுத்தியதுதான் விஹெச்எஸ் கேசட். கடைசிவரை டெக் தயாரித்து வந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டெக் எல்லாமே பழையவை. பழுதானால் உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு பக்கம், டேப்பும் வயதாகிக் கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் நாடாவின் மேல் காந்தத் துகள்களை ஒரு பசை ஒட்டிப் பிடித்திருக்கிறது. படமும் குரலும் இருப்பது அந்தத் துகள்களில்தான். ஈரப்பதமும் வெப்பமும் அந்தப் பசையைக் கெடுத்துவிடும். ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், 2025-ஐக் கெடுவாகவே குறிப்பிட்டு, அதற்குள் டேப்புகளை டிஜிட்டலாக மாற்றச் சொல்லி 2015-லேயே எச்சரித்தது. ஏசி அறையில் இருக்கும் டேப்புக்கே அந்தக் கதி என்றால், நம்ம ஊர் பரணில் கிடப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உடனே போட்டுப் பார்க்காதீங்க

கேசட்டின் கண்ணாடி வழியாக டேப் சுருளை முதலில் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். டேப்பும் அறுந்து போகலாம். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். பூஞ்சை இல்லாத கேசட்டைக்கூட ஒருமுறை கடைசிவரை ஓட்டி, ரீவைண்ட் செய்த பிறகு பதிவைத் தொடங்குவது நல்லது.

எப்படி மாற்றுகிறார்கள்?

டெக்கின் பின்னால் இருக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகி, அதைக் கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும். டெக்கில் பிளே, கம்ப்யூட்டரில் ரெக்கார்ட். அவ்வளவுதான். 3 மணி நேர கேசட் என்றால் 3 மணி நேரமும் ஓடித்தான் ஆக வேண்டும், வேகமாக முடிக்க வழியே இல்லை. கடையில் பத்து கேசட்டைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்து நிற்காதீர்கள்.

டிவிடி மட்டும் போதுமா?

போதாது. சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிதான் இடம். அதில் நல்ல தரத்தில் சுமார் 2 மணி நேர வீடியோ அடங்கும். 3 மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் திணித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். அதோடு, வீட்டில், கடையில் எழுதும் டிவிடியில் பதிவு நிற்பது ஒரு சாயப் படலத்தில். அதுவும் நாளடைவில் கெடும். இப்போது வரும் லேப்டாப்களில் டிவிடி போடும் இடமே பெரும்பாலும் இல்லை. அதனால் 'டிவிடியோடு சேர்த்து ஃபைலாகவும் வேணும்' என்று கேட்டு வாங்கி, இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைப்பதே பாதுகாப்பு.

எடிட்டிங்கில்தான் சிக்கலே

பலரும் இழப்பது இங்கேதான். 'போர் அடிக்குது' என்று வெட்டும் இடங்கள் எவை? மேடையில் பரிசு கொடுக்க நிற்கும் வரிசை, பந்தியில் சாப்பிடுபவர்கள், மண்டப வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். முப்பது வருஷம் கழித்து எல்லோரும் தேடுவது அந்த முகங்களைத்தான். தாலி கட்டும் காட்சிக்கு ஆல்பத்தில் போட்டோ இருக்கும், பந்தி பரிமாறிய மாமாவுக்கு இருக்காது.

கல்யாண கேசட்டில் பாதிக்கு மேல் சினிமா பாட்டை ஏற்றியிருப்பார்கள். ஸ்டுடியோக்காரர் பாட்டைப் போடாமல் விட்ட சில நிமிடங்களில்தான் வீட்டு ஆட்களின் நிஜக் குரல் கேட்கும். அங்கேயும் புதுப் பாட்டைப் போட்டு மூடிவிடாதீர்கள். போதாக்குறைக்கு, பாட்டோடு யூடியூபில் ஏற்றினால் காப்புரிமைப் புகாரும் வரலாம்.

எனவே, வெட்டாத முழுப் பதிவை அப்படியே ஒரு பிரதியாக வைத்துவிட்டு, இன்னொரு பிரதியில் மட்டும் கை வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப 10 நிமிடத் தொகுப்பு செய்வதில் தப்பே இல்லை.

பழைய படம் 4:3 அளவில் இருக்கும். டிவி முழுக்கத் தெரியட்டும் என்று இழுத்தால் மணப்பெண் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். கை, கால் அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடுகள் வந்தால், எடிட்டிங் மென்பொருளில் 'டீஇன்டர்லேஸ்' செய்தால் சரியாகும்.

ஏஐ மூலம் 4கே ஆக்கித் தருகிறோம் என்பவர்களிடம் கொஞ்சம் உஷார். டேப்பில் இல்லாத விவரத்தை ஏஐ ஊகித்துத்தான் வரைகிறது. படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் அது பாட்டியின் முகமாக இருக்காது.

மாற்றி முடித்ததும் கேசட்டைக் குப்பையில் போட வேண்டாம், கேட்டுத் திரும்ப வாங்கி, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஃபைலுக்கு 'வீடியோ 1' என்று பெயர் வைக்காமல் யார் கல்யாணம், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். அம்மாவையோ அத்தையையோ பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த நிமிடத்தில் யார் வருகிறார்கள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அதையும் ஒரு தாளில் குறித்து ஃபைலோடு சேர்த்து வையுங்கள்.