கட்டடக் கலையும் கணக்கேடும்

நெடுநல்வாடையிலே, அரண்மனைக்கு மனை வகுக்க வந்தோரைக் கூலியாளர் என்று கூறாது, நூல் கற்ற புலவர் என்றே நக்கீரனார் சிறப்பித்திருத்தலை மாணாக்கர் அறிவர். கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை குறித்து, கயிறிட்டு அளந்து, தெய்வம் பரவி அவர்கள் தொழில் தொடங்கினர். அப்புலவர்க்கு ஊதியம் எத்தனை தவணையில் வழங்கப்பட்டது, கடைசித் தவணை கைக்கு வந்ததா என்னும் செய்திகளை மட்டும் அப்பாட்டிற் காணோம். பல்லாண்டு இப்பாட்டைக் கற்பித்த யான் அதனை ஒரு குறையாக எண்ணியதில்லை. பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் வந்துபோன பின்னரே அதனை உணரலாயினேன்.

அவர் கட்டடக் கலைஞர். 2021ஆம் ஆண்டிலே இரண்டு படவரைஞரோடு ஒரு சிறு கந்தோர் திறந்தவர். என்னிடம் வந்தது, அக்கந்தோருக்கு நல்லதொரு தமிழ்ப் பெயர் வேண்டுமென்று கேட்டற்கு. இருக்கும் பெயருக்கு என்ன குறை என்று வினவினேன். சற்று நேரம் நிலத்தைப் பார்த்திருந்துவிட்டு, "பெயரை மாற்றிப் பார்க்கலாம், அல்லது மூடிவிடலாம் ஐயா" என்றார். கவி எழுதுவோர் பொருளுக்கு வருந்துவது நாம் கேட்டுப் பழகியது. ஊரார்க்கெல்லாம் மாடிவீடு வரைந்து கொடுப்பவருமா வருந்துவர் என்று வியந்தேன்.

"ஐயா, ஒரு வீடு இரண்டு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எமக்கு நூற்றுக்கு ஆறு என்று பேச்சு. பன்னிரண்டு இலட்சம் என்றதும் பெருந்தொகை போலத் தோன்றும். வரைதல், சபையில் அனுமதி பெறுதல், விலை கோரல், மேற்பார்வை எல்லாம் முடியப் பதினெட்டு மாதம் செல்லும். மாதக் கணக்கிற் பார்த்தால் 66,000 ரூபாயைச் சற்றே மேவும். அதிலே படவரைஞர் சம்பளமும் வாடகையும் மின்கட்டணமும் போக வேண்டும். பணமோ மாதந்தோறும் வருவதில்லை, சம்பளம் மட்டும் மாதந்தோறும் கொடுக்கவேண்டும்" என்றார்.

இன்னுமொன்று சொன்னார், அது என் நெஞ்சை விட்டு அகலவில்லை. கட்டடச் செலவின் விழுக்காடாகவே கூலி கணிக்கப்படுதலால், வீட்டுக்காரர்க்குச் சிக்கனமான வழியொன்றைக் காட்டினால் காட்டியவரின் வருவாயே குறைகின்றது. இரவெல்லாம் சிந்தித்து ஒரு சுவரை நீக்கினால், அச்சுவருக்குரிய கூலியும் உடன் நீங்கிவிடும். நேர்மைக்கு இப்படியொரு தண்டம் வேறெத் தொழிலில் உண்டோ அறியேன். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே சீமெந்தும் கம்பியும் விலையேற, அவர் கைக்கொண்டிருந்த வீடுகள் அத்திவாரத்தோடு நின்றன. வரைபடம் முழுதும் முடிந்திருந்தது. கட்டடம் எழாமையால் அதற்குரிய பணத்தைக் கேட்க அவருக்கு நா எழவில்லை. முற்பணம் வாங்கினீரா என்றேன். தெரிந்த மனிதரிடம் எப்படி வாங்குவது என்றார்.

இத்துன்பம் அவர் ஒருவர்க்கே உரியதன்று. அமெரிக்க நாட்டுச் சிக்காக்கோ நகரிலே அட்லர், சலிவன் என்னும் இருவர் 1880களில் ஒரு கந்தோர் நடத்தினர். லூயிஸ் சலிவன் கலைஞர். வானுயர் கட்டடத்துக்கு அழகிய வடிவம் கண்டவர்களுள் முதன்மையானவர். டாங்க்மர் அட்லர் பொறியியலாளர்; மண்டபங்களில் ஒலி பரவும் முறையை நுணுகி அறிந்தவர்; வேலை தருவோருடன் பேசி இணக்கும் திறனும் உடையவர். 1889இல் அவர்கள் முடித்த ஓடிற்றோறியம் கட்டடத்தின் கோபுர உச்சியிலேயே அவர்களின் கந்தோரும் அமைந்தது. பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற பிராங்க் லொயிட் றைற் அவர்களிடம் படவரைஞராயிருந்து தொழில் பயின்றவரே. 1893ஆம் ஆண்டிற் பெரும் பணமுடை வந்தது, கட்டுவோர் இல்லை. குடும்பத்தைக் காக்கவேண்டி 1895இல் அட்லர் ஒரு மின்தூக்கி நிறுவனத்தில் வேலைக்கமர்ந்தார். சில மாதங்களில் அதை விட்டு மீண்டபொழுது, மனம் நொந்திருந்த சலிவன் அவரைப் பழையபடி சேர்த்துக்கொள்ளவில்லை.

அதன் பின்னர் நிகழ்ந்தது வாசிப்பார்க்கு இரக்கம் விளைப்பது. அட்லர் 1900இல் மறைந்தார். சலிவனுக்கு வேலைகள் அருகி, சிற்றூர் வங்கிகள் சிலவே எஞ்சின. அவற்றை அவர் பேரழகோடு கட்டினார் என்பது வேறு. 1909இல் தம் நூல்களையும் கலைப்பொருள்களையும் ஏலத்தில் விற்றார். 1918இல் அக்கோபுரக் கந்தோரையும் துறந்தார். 1924இல் வறியராய் ஒரு விடுதி அறையில் உயிர் நீத்தார். அவர் கை சோர்ந்ததா? இல்லை. அக்கைக்கு வேலை கொணர்ந்து தந்த மற்றைக் கையே இல்லாது போயிற்று.

நம் நாட்டிலும் ஒன்று கூறலாம். ஜெப்ரி பாவா சட்டம் பயின்று, பின்னர் அதனை விட்டு, 1957இல் இலண்டனிற் கட்டடக் கலைத் தேர்ச்சி பெற்றுத் திரும்பி, எட்வேட்ஸ் றீட் அன் பெக் என்னும் பழைய நிறுவனத்திற் பங்காளரானார். அவர் பெயரை உலகம் அறியும். 1967 முதல் 1989 வரை அவருடைய பங்காளராயிருந்த பொறியியலாளர் கலாநிதி கே. பூலோகசுந்தரத்தின் பெயரைத் தமிழ் மாணாக்கருள் எத்தனை பேர் அறிவர்? கந்தோர் நிருவாகத்தையும் பொறியியலையும் தாங்கியவர் அவரே. பெந்தோட்டைக் கடற்கரை விடுதியும், 1979இல் ஒப்படைக்கப்பட்டு 1982இல் திறக்கப்பட்ட கோட்டைப் பாராளுமன்றமும் அவ்விருபத்திரண்டு ஆண்டுகளுக்குட்பட்டவை. மூன்றாண்டுக்குள் அத்துணைப் பெருவேலையை முடிப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் போதுமா என்பதைக் கணக்கறிந்தோர் சொல்லட்டும். பிரிந்த பின்னரும் பாவா சில இளைஞரோடு தம் வீட்டிலிருந்தே கண்டலம விடுதி முதலியவற்றை ஆக்கினார் என்பதையும் மறைத்தல் முறையன்று. அப்பொழுது அவர் எழுபது வயதைக் கடந்தவர். வேலை அவரைத் தேடி வந்த காலம் அது. என் மாணாக்கருக்கு வயது முப்பத்து நான்கு.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்து, "உம்மோடு படித்தவருள் கணக்கிற் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தாரே, அவர் எங்கே?" என்று கேட்டேன். வங்கியொன்றில் இருக்கிறார் என்றார். "அவனுக்குக் கட்டடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதே ஐயா." உமக்குக் கடன் கேட்கத் தெரியாதே தம்பி என்றேன். சிரித்துக்கொண்டே தேநீரைக் குடித்தார். அன்று மாலையே நண்பரைக் காண்பதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

பெயர்கள் நான்கு எழுதி வைத்துள்ளேன். நான்கும் எனக்கே பிடிக்கவில்லை. சென்ற கிழமை தொலைபேசியில் விசாரித்தேன். நண்பர் ஞாயிறுதோறும் வந்து கணக்கைப் பார்க்கிறாராம். நிலுவையாளர் மூவருக்குக் கடிதம் போயிற்றாம். ஒருவர் பாதி கொடுத்தாராம். பெயர்ப்பலகை எழுதுபவர் மட்டும், என்ன எழுதுவதென்று தெரியுமுன்னரே, தமக்குரிய முற்பணத்தை முழுதாக வாங்கிச் சென்றுவிட்டாராம்.