மேற்கோளும் மதிப்பும்

தமிழ் நூல்களைக் கற்போர்க்கு மேற்கோள் என்பது புதிய பொருளன்று. தாம் கூறும் பொருளுக்கு அரணாக முன்னோர் கூற்றை எடுத்துக்காட்டுவது நம் உரையாசிரியர்களின் வழக்கு. அவ்வழக்கினாலே நாம் பெற்ற நன்மை பெரிது. வளையாபதியும் குண்டலகேசியும் இன்று முழு நூல்களாகக் கிடைத்தில. பிறர் எடுத்தாண்ட செய்யுள்களே எஞ்சியுள்ளன. பாண்டிக்கோவைச் செய்யுள்களுட் பல, இறையனார் களவியலுரையிலே மேற்கோளாக வந்தமையாலே பிழைத்தன. ஆயினும், ஒரு நூல் எத்தனை முறை மேற்கோளாக வந்தது என்று எண்ணி, அவ்வெண்ணையே அந்நூலின் பெருமைக்கு அளவுகோலாக அவ்வுரையாசிரியர் எவரும் கொண்டாரல்லர்.

இக்காலத்திலோ எண்ணுதலே முதன்மை பெற்றுவிட்டது. என்னிடம் பயின்று பல்கலைக்கழகஞ் சென்ற மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையிலே மடத்துவெளிக்கு வந்திருந்தார். கணினியியலிலே ஆய்வு செய்ய விரும்பும் அவர் இரண்டு தாள்களை என்முன் வைத்தார். ஒன்று, அத்துறையிலே நெடுங்காலம் நிலைபெற்ற ஓர் ஆய்விதழைப் பற்றிய குறிப்பு. மற்றையது, பணங் கட்டினால் இரண்டு கிழமைக்குள் கட்டுரையை வெளியிடுவதாக உறுதி கூறும் இதழொன்றின் கடிதம். “சேர், பழைய இதழின் தாக்கக் காரணி ஒன்றுக்குக் கிட்டத்தான், இந்தக் கடிதத்திலே ஆறு என்று போட்டிருக்கிறார்கள். பெரிய எண்ணுள்ளதுதானே சிறந்தது?” என்று அவர் வினாவினார். வெளிவாரி மாணவனாகப் பட்டம் பெற்றுக் கணிதம் கற்பிக்கும் யான் கணினியியல் வல்லுநன் அல்லேன். எனினும், ஓர் எண் எவ்வாறு பிறந்தது என்று அறியாமல் அதனை நம்புதல் கணித ஆசிரியனுக்கு அழகன்று. ஆதலின் அவ்வினாவை ஆராயப் புகுந்தேன். அவ்வாராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

முதற்கண் மேற்கோளை எண்ணும் முறை தோன்றிய வரலாற்றை நோக்குவோம். இதற்கு வழிகாட்டியது சட்டத்துறை. ஒரு வழக்கின் தீர்ப்பு, பின்வந்த எவ்வெத் தீர்ப்புகளில் எடுத்துக்காட்டப்பட்டது என்பதை அறிய அமெரிக்க வழக்கறிஞர்க்கு உதவும் அட்டவணை நூலொன்றைச் செப்பேட் என்பார் 1873ஆம் ஆண்டிலே தொடங்கினார். அதனை முன்மாதிரியாகக் கொண்டு, அறிவியற் கட்டுரைகளுக்கும் அத்தகைய அட்டவணை வேண்டும் என 1955இலே யூஜின் காபீல்ட் என்னும் அறிஞர் எழுதினார். பிலடெல்பியா நகரிலே அவர் நிறுவிய நிலையம் 1960களிலே அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிடலாயிற்று. ஒரு கட்டுரையிலிருந்து அதற்கு முந்திய கட்டுரைகளைத் தேடிச் செல்லல் எளிது, அடிக்குறிப்பே வழிகாட்டும். பிந்திய கட்டுரைகளைத் தேடிச் செல்லலோ இவ்வட்டவணையின் பின்னரே எளிதாயிற்று.

இவ்வரலாற்றிலே தமிழ் நாட்டார் ஒருவர்க்கும் இடமுண்டு. சீர்காழியிலே 1892இற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே கணிதம் பயின்று, கணித ஆசிரியராயிருந்து, 1924இலே சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய எஸ். ஆர். இரங்கநாதனே அவர். நூலகப் பணிகளைப் புள்ளிவிபரக் கணிதத்தால் ஆராயும் ஒரு துறை வேண்டும் என 1948இலே இங்கிலாந்தில் நடந்த கூட்டமொன்றில் அவர் எடுத்துரைத்து, அதற்கு லைப்பிறமெற்றி எனப் பெயருமிட்டார். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1950களிலே உருவாகியபோது ஆலோசனை வழங்கியவரும் அவரே. 1959இலே திறக்கப்பெற்று, 1981இலே எரியுண்டு, பின்னர் மீண்டும் திறக்கப்பெற்ற அந்நூலகத்தின் படிகளில் ஏறும் மாணவர், அளத்தற் கலையின் முன்னோடி ஒருவரின் கருத்து அக்கட்டடத்தினுள் உறைகின்றது என்பதை நினைத்தல் தகும்.

இனித் தாக்கக் காரணி என்பது யாது எனக் காண்போம். ஓர் இதழ் சென்ற இரண்டு ஆண்டுகளிலே 500 கட்டுரைகளை வெளியிட்டது எனக் கொள்வோம். அக்கட்டுரைகள் இவ்வாண்டு வெளிவந்த ஆய்வுகளில் 600 முறை மேற்கோளாக வந்தன எனின், 600ஐ 500ஆல் வகுக்க வரும் 1.2 என்பதே அவ்விதழின் இவ்வாண்டுத் தாக்கக் காரணி. இதனுள் வேறு மறைபொருள் யாதுமில்லை. இஃது ஒரு சராசரி. எவ்விதழ்களை அட்டவணையிற் சேர்ப்பது எனத் துணிவதற்கு ஒரு கருவியாகவே காபீல்டும் அவர்தம் துணைவரும் இதனை ஆக்கினர். எவ்விதழை வாங்குவது என நூலகர் முடிவு செய்வதற்கும் இது பயன்பட்டது. இதழ்களை ஒப்புநோக்கப் பிறந்த கருவி, காலப்போக்கிலே மனிதரை நிறுக்கும் தராசாக மாறியதே இன்றைய இடரின் தோற்றுவாய்.

மாணவர் காட்டிய பழைய இதழுக்கு வருவோம். அதன் பெயர் ‘தியறெற்றிக்கல் கொம்பியூட்டர் சயன்ஸ்’. கோட்பாட்டுக் கணினியியல் எனத் தமிழிற் கூறலாம். பிரான்சு நாட்டுப் பேராசிரியர் மொறீஸ் நிவா 1975இலே இதனைத் தொடங்கினார். கணினியின் உறுப்புகளைப் பற்றியதன்று இத்துறை. கணித்தல் என்பது யாது, எதனைக் கணிக்க இயலும், எதனை விரைவிற் கணிக்க இயலும், எழுதிய நிரல் பிழையற்றது என்று எவ்வாறு நிறுவலாம் என்பனவே இதன் வினாக்கள். தொடக்க காலத்திலே தன்னியக்கப் பொறிகளைப் பற்றிய கொள்கையும், செயற்கை மொழிகளின் இலக்கணமும், நிரல்களின் பொருளாராய்ச்சியும் அவ்விதழிலே மேலோங்கி நின்றன. பின்னர், படிமுறைகளும் கணிப்பின் கடினமும் ஒரு பகுதியாகவும், தருக்கமும் நிரற் கொள்கையும் மற்றொரு பகுதியாகவும் வகுக்கப்பட்டன. உயிரணுக்களிலும் இயற்கையிலும் நிகழும் மாற்றங்களைக் கணிப்பு முறைகளாகக் காணும் ஆய்வுகளுக்கென மூன்றாம் பகுதியும் சேர்ந்தது. மொழியிலிருந்து கடினத்திற்கும், கடினத்திலிருந்து இயற்கைக்கும் ஆய்வு விரிந்த போக்கினை இப்பகுப்பே காட்டும்.

அவ்விதழில் வந்த மூன்று கட்டுரைகளை எடுத்துக்காட்டுகின்றேன். உயர்தர வகுப்பு மாணவர் துணிகோவையை அறிவர். அதன் விரிவிலே நேர்க்குறியும் எதிர்க்குறியும் கலந்து வரும். தாயம் பெரிதாயினும் அதன் துணிகோவையை விரைவிற் கணிக்க வழியுண்டு. எதிர்க்குறிகளையெல்லாம் நேர்க்குறிகளாக்கினால் விரிவு எளிதாகும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், அவ்வாறு மாற்றிய கோவையைக் கணித்தல் மிகக் கடினமான எண்ணற் கணக்குகளின் வரிசையிலே நிற்பது என வலியன்ற் என்பார் 1979இலே நிறுவினார். 1987இலே ஜிறார் என்பார், ஒருமுறை பயன்படுத்திய எடுகோள் செலவழித்த காசுபோலத் தீர்ந்துவிடும் எனக் கொள்ளும் புதிய தருக்க முறையொன்றை வகுத்தார். 1994இலே இரஜீவ் அலூர், டேவிட் டில் என்னும் இருவர், கடிகாரம் பூட்டிய தன்னியக்கப் பொறிகளின் கொள்கையை வெளியிட்டனர். புகைவண்டி வருமுன் கடவைக் கதவு தவறாமல் மூடுமா என்பது போன்ற வினாக்களைக் கணித முறையாற் சோதிக்க அது வழிவகுத்தது. இம்மூன்றும் ஆயிரக்கணக்கான மேற்கோள்களைப் பெற்றவை. இத்தகைய கட்டுரைகளைத் தாங்கிய இதழின் தாக்கக் காரணியே அண்மைக் காலத்தில் ஒன்றை அண்டி நிற்கின்றது. இம்முரண்பாட்டிற்குக் காரணம் யாது?

முதலாவது காரணம் காலம். தேற்றமொன்றைப் படித்து, விளங்கி, அதன்மேல் மற்றொரு தேற்றத்தைக் கட்டுவதற்கு ஆண்டுகள் செல்லும். இரண்டாண்டுச் சாளரத்தினூடு பார்ப்பவர்க்கு அம்முயற்சி தென்படாது. இரண்டாவது, துறையின் அளவு. மருத்துவத்திலே ஆய்வாளர் பல்லாயிரவர். ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் மேற்கோட் பட்டியல் நீண்டு கிடக்கும். கோட்பாட்டுத் துறையிலோ ஆய்வாளர் சிலர், பட்டியலும் குறுகியது. நெல்லின் விளைவையும் பனையின் விளைவையும் ஒரே பருவத்திலே அளந்து ஒப்பிடலாகாது.

மூன்றாவது, கணினியியலார்க்கே உரிய ஒரு வழக்கு. ஏனைய துறைகளிற் பெரும்பாலானவை இதழ்களையே முதன்மையாகக் கொள்ள, இத்துறையார் தம் புதிய முடிபுகளை முதலில் மாநாடுகளிலே வெளியிடுவர். கணிப்பின் கடினம் பற்றிய அடிப்படைத் தேற்றங்களுள் ஒன்றை ஸ்ரீபன் குக் வெளியிட்டது 1971ஆம் ஆண்டு மாநாட்டுத் தொகுதியொன்றிலேயாம். இந்தியாவிலும் 1981 தொடக்கம் இத்துறைக்கென மாநாடு நடந்து வருகின்றது. ஒரே முடிபு மாநாட்டுத் தொகுதியில் ஒருமுறையும் இதழில் விரிவாக மற்றொருமுறையும் வருதலின், மேற்கோள்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. அச்சுக்கு முன்னரே பரவும் முடிபுகளும் உள. ஓர் எண் முதன்மை எண்ணா என்பதை விரைவில் துணியும் வழியைக் கான்பூரைச் சேர்ந்த மணீந்திர அகர்வாலும், பட்டப்படிப்பை அப்பொழுதே முடித்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் மாணவர் இருவரும் 2002 ஆகத்து மாதத்திலே அறிவித்தனர். கணித உலகம் உடனே அதனை ஏற்றுக் கொண்டாடியது. இதழிலே அச்சேறியதோ 2004இலே.

நான்காவது, சராசரியின் இயல்பு. ஒரு வகுப்பிலே இருவர் நூறு புள்ளி பெற, ஏனையோர் இருபதுக்குள் நிற்பின், சராசரி எவருடைய தகைமையையும் காட்டாது. மேற்கோள்களும் அவ்வாறே ஒருசில கட்டுரைகளிற் குவிந்து கிடக்கின்றன. பலவற்றுக்கு மிகச் சிலவே கிடைக்கும். ஆதலின், இதழின் எண்ணைக் கொண்டு அதில் எழுதிய ஒருவரை அளத்தல் கணித முறைப்படியே பிழை.

இக்காரணங்களையெல்லாம் ஒருங்கே விளக்கும் வரலாறொன்று தாம்பரத்திலே உண்டு. இரங்கநாதன் பயின்ற அதே சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே கிவ்ற் சிறோமணி, இராணி சிறோமணி என்னும் தம்பதியர் பேராசிரியராய் விளங்கினர். வாசலிலே பெண்கள் இடும் கோலத்தை அவர்கள் கணிதக் கண்கொண்டு நோக்கினர். சொற்கள் ஒருவரிசையில் அமைந்து வாக்கியமாதற்கு இலக்கணம் இருப்பதுபோல, புள்ளியும் இழையும் நிரையிலும் நிரலிலும் அமைந்து ஓவியமாதற்கும் இலக்கணம் வகுக்கலாம் எனக் கண்டனர். கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1972 தொடக்கம் அவர்கள் எழுதிய கட்டுரைகளுள், கோலத்தைப் பெயரிலேயே தாங்கிய ஒன்று 1974இலே வெளிவந்தது. தைப்பொங்கலன்று நம் தாயார் முற்றத்தில் இட்ட கோலம் அவ்வாறு உலகக் கணித அரங்கேறியது. இராணி சிறோமணி பின்னர் மேற்கூறிய கோட்பாட்டுக் கணினியியல் இதழின் ஆசிரியர் குழுவிலும் இடம்பெற்றார்.

அவ்வாய்வு விதைத்த விதை முளைத்த காலத்தைக் கவனிக்க. 1990களிலே இத்தாலி நாட்டு ஆய்வாளர் இருபரிமாண மொழிகளைப் பற்றிய கொள்கையைப் புதுப்பித்தபோது அப்பழைய கட்டுரைகள் மீண்டும் எடுத்தாளப்பட்டன. உயிரணுவின் சவ்வுகளை மாதிரியாகக் கொண்ட புதிய கணிப்பு முறையொன்று ருமேனிய அறிஞர் பௌன் என்பவராலே தோன்றியபின், 2003இலே அம்முறை ஓவிய மொழிகளோடு இணைக்கப்பட்டது. அக்கட்டுரையை எழுதிய நால்வருள் ஒருவர் தாம்பரத்து மரபிலே வந்த கே. ஜி. சுப்பிரமணியன். இடையே கழிந்தவை முப்பது ஆண்டுகள். தாக்கக் காரணி நோக்குவதோ இரண்டு ஆண்டுகள். மேலும், ‘சிறோமணி தாய இலக்கணம்’ என அவர்தம் பெயரே ஒரு கலைச்சொல்லாகிவிட்டது. ஒரு கருத்து அவ்வளவு பொதுவுடைமையாகிய பின்னர், அதனைக் கையாள்வோர் மூலக் கட்டுரையைச் சுட்டுவதும் குறையக்கூடும். புகழ் முற்றியவிடத்து எண்ணிக்கை தேய்வது வியத்தற்குரியது.

அங்ஙனமாயின் மேற்கோளை எண்ணுதல் வீண் எனக் கூறலாமோ? கூறலாகாது. எம் தீவிலே நன்னீர்க் கிணறு அரிது. ஒரு கிணற்றடியிலே நாள்தோறும் குடங்கள் நிரையாக நிற்பின், அந்நீரை ஊரார் விரும்புகின்றனர் என்பது தெளிவு. ஆயினும், தெருவோரத்துக் கிணற்றுக்குக் குடங்கள் மிகுதல் இயல்பு. வயலுக்கு அப்பால் உள்ளதன் சுவையை நடந்து சென்று அள்ளிக் குடித்தவரே அறிவர். எண்ணிக்கை பயன்பாட்டைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. குடங்களைக் கூலிக்கு வைத்து நிரையை நீட்டுவோரும் உளர். தம்மைத் தாமே மேற்கோள் காட்டியும், ஒருவரையொருவர் காட்டுமாறு ஒப்பந்தஞ் செய்தும், எவரும் கணக்கிடாத எண்ணைத் தாமே அச்சிட்டும் சிலர் எண்ணைப் பெருக்குகின்றனர். இக்கேட்டினை உணர்ந்தே, இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடலாகாது என வலியுறுத்தும் சான் பிரான்சிஸ்கோப் பிரகடனம் 2013இலே வெளியிடப்பட்டது.

மாணவருக்கு யான் கூறிய விடையை இங்கும் கூறி முடிக்கின்றேன். ஓர் இதழைத் தேரும்போது, அதன் ஆசிரியர் குழுவினர் யாவர், அவர்கள் உண்மையில் அத்துறையிலே உழைத்தவரா என்று பார்க்க. கட்டுரையைத் துறையறிந்தோர் படித்துத் திருத்துகின்றனரா என வினவுக. அவ்விதழின் கட்டுரைகள் இரண்டையேனும் முழுமையாகக் கற்க. அதன்பின் எண்ணை நோக்குக. அதுவும் அதே துறை இதழ்களோடு மட்டும் ஒப்பிடுக. முப்பது ஆண்டுகளின் பின்னும் ஒருவர் தேடி வந்து படிக்கத்தக்க ஒரு பக்கத்தை எழுத முயல்க.

அவர் அக்கடிதத்தை மடித்துச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டார், பணங் கட்டவில்லை. பழைய இதழுக்கு அனுப்பும் கட்டுரையை இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றார். நம் கல்லூரிகளிலிருந்து செல்லும் இளைஞர் பலர் இத்தகைய கடிதங்களை எதிர்நோக்குவர். அவர்களை வழிப்படுத்த வேண்டிய ஆசிரியர்களாகிய நாம், எண்ணைக் கண்டு மயங்காது, எழுத்தைப் படித்து மதிக்கும் பழக்கத்தை முதலில் நம்மிடத்தே வளர்த்தல் வேண்டும்.