கருப்பைக்கு வரும் வெள்ளையணுக்கள்

‘என் ரத்தத்தில் கொல்லி அணுக்கள் அதிகமாம். அவைதான் கருவைக் கலைக்கின்றனவா?’ என்று கேட்டிருக்கிறார், இரண்டு முறை கரு கலைந்த ஒரு வாசகி. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை, சகோதரி. கொல்லி அணுக்கள் வெள்ளையணுக்களில் ஒரு வகை.

ஹார்மோன்களைப் பற்றிப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அவற்றின் சொல் கேட்டு உழைக்கும் வெள்ளையணுக்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. கரு தங்காத மாதம் புரோஜெஸ்டிரோன் இறங்கியதும் நியூட்ரோஃபில்கள் திரண்டுவந்து, கருப்பையின் உட்சவ்வைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. மேக்ரோஃபேஜ்கள் சிதைவுகளை விழுங்குகின்றன. சில நாட்களில் தழும்பே இல்லாமல் புதுச் சவ்வு வளர்கிறது.

என்னை ஆண்டுக்கணக்கில் வியக்க வைப்பது ‘இயற்கைக் கொல்லி’ அணுக்கள். முட்டை வெளியான பிறகு உட்சவ்வில் இவை பெருகும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் அங்குள்ள வெள்ளையணுக்களில் சுமார் 70 சதவீதம் இவையே. ரத்தத்தில் ஓடும் கொல்லி அணுக்கள் வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும். கருப்பையில் இருப்பவை கொல்வதில் மந்தம். அவற்றின் வேலை வேறு. உட்சவ்வுக்கு ரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகள் குறுகலானவை. அவற்றின் தசைச்சுவரை இந்த அணுக்கள் தளர்த்த, நஞ்சுக்கொடிச் செல்கள் புகுந்து குழாயை அகலமாக்குகின்றன. மேட்டூர் அணை திறக்கும் முன் எங்கள் ஊரில் மண்வெட்டியோடு இறங்கி வாய்க்காலை வெட்டிவிடுவார்கள். வெட்டாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. தமனி விரியாவிட்டாலும் அப்படித்தான்: குழந்தை எடை குறையும், தாய்க்கு ரத்த அழுத்தம் எகிறும்.

கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மாஃபெட்டின் குழு 2004இல் ஒன்றைக் கண்டது. இந்த அணுக்களை அதிகம் அடக்கிவைக்கும் மரபணுச் சேர்க்கை தாய்க்கும் சேய்க்கும் இடையே அமைந்தால், கர்ப்பகால ரத்த அழுத்த நோயான பிரீஎக்ளாம்சியாவின் ஆபத்து கூடுகிறது. அதாவது, இவை சுறுசுறுப்பாக இருப்பதைவிட முடங்கிக் கிடப்பதுதான் கவலைக்குரியது.

சிகிச்சையில் நடப்பதோ நேர்மாறு. கை நரம்பில் எடுத்த ரத்தம் கருப்பையின் நிலவரத்தைச் சொல்லாது. இருந்தும் அதைச் சோதித்து, அணுக்களை அடக்க ஸ்டீராய்டு தருகிறார்கள். சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்த வெள்ளைத் திரவத்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஊட்டமாக உருவான திரவம் அது. பிரிட்டனில் கருத்தரிப்பு சிகிச்சையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, இத்தகைய நோயெதிர்ப்புச் சிகிச்சைகளுக்குச் சிவப்புக் குறி இட்டிருக்கிறது. நகையை அடகு வைத்து வரும் தம்பதியின் கட்டணச் சீட்டில் இவற்றைச் சேர்க்கும் மருத்துவர்கள், ஆதாரம் என்ன என்பதை அவர்களிடம் முதலில் சொல்லட்டும்.