பிழை தேடும் கருவிக்கும் பரீட்சை வேண்டும்

கடைவீதியிலுள்ள தராசு சரியாக நிறுக்கின்றதா என்பதை அறிய, எடையளவை ஆய்வாளர் முத்திரையிட்ட படிக்கற்களைத் தம்முடன் கொண்டு செல்கிறார். அப்படிக்கற்களே தேய்ந்து போயிருந்தால் அவர் அளிக்கும் தீர்ப்பும் தவறாகிவிடும். ஆகவே அவையும் குறித்த காலந்தோறும் மேல்நிலை அளவைகளுடன் ஒப்பிடப்பட்டுச் சரிபார்க்கப்படுகின்றன. கணிப்பொறித் துறையிலும் படிக்கல்லைப் போன்ற நிலையிலுள்ள ஒரு கருவி உண்டு. பிற நிரல்களிலுள்ள பிழைகளைக் கண்டறிய உதவும் அந்நிரலுக்கு டிபக்கர் என்று பெயர். அதனை எவ்வாறு சோதிக்கின்றனர் என்பதையும், அச்சோதனைகளை மறுபடியும் ஒழுங்குபடுத்த நேர்ந்தது ஏன் என்பதையும் இங்கே காண்போம்.

டிபக்கர் செய்யும் வேலை

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வேண்டிய வரியில் நிறுத்துதல், அவ்வேளையில் மாறிகள் கொண்டுள்ள மதிப்புகளைக் காட்டுதல், பின்னர் ஒவ்வொரு வரியாக முன்னே நடத்துதல் ஆகியவை டிபக்கரின் முக்கியமான பணிகளாகும். நிறுத்தும் விதம் சுவையானது. இன்டெல் வகைச் செயலிகளில், நிறுத்தவேண்டிய இடத்திலுள்ள கட்டளையின் முதல் பைட்டை டிபக்கர் எடுத்துவைத்துக் கொண்டு, அதற்குப் பதிலாக "நில்" என்று பொருள்படும் ஒரு பைட் நீளமுள்ள கட்டளையை எழுதிவிடுகிறது. செயலி அவ்விடத்தை அடைந்ததும் இயக்க அமைப்பு நிரலை நிறுத்தி, டிபக்கருக்குச் செய்தி அனுப்புகிறது. மீண்டும் ஓடத் தொடங்குமுன் பழைய பைட் அதன் இடத்தில் வைக்கப்படுகிறது.

எந்த வரி நினைவகத்தின் எந்த முகவரியில் உள்ளது, எந்த மாறி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பன போன்ற விவரங்களை மொழிபெயர்ப்பியாகிய கம்பைலர் எழுதிவைக்கிறது. இவ்விவரங்களை எழுதுவதற்கு டுவார்ஃப் என்னும் முறை பெரிதும் வழங்குகிறது. எனவே டிபக்கர் தனித்து நிற்கும் கருவியன்று. கம்பைலர், இயக்க அமைப்பு, செயலி ஆகிய மூன்றையும் சார்ந்தே அது இயங்குகிறது. இவற்றுள் எது மாறினாலும் டிபக்கர் தவறான விடை தரக்கூடும். பூச்சியம் என்று காட்டவேண்டிய மதிப்பை ஒன்று என்று காட்டிவிட்டால், நிரல் எழுதியவர் பிழையில்லாத இடத்தில் பிழை தேடிப் பல நாட்களை வீணாக்குவார்.

தானியங்கிச் சோதனை

ஜி.டி.பி. என்னும் டிபக்கரை 1986-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதினார். இதனைச் சோதிக்கும் கட்டுக்கு டெஜாக்னு என்னும் அமைப்பு அடிப்படையாக உள்ளது. டெஜாக்னு, டான் லைப்ஸ் இயற்றிய எக்ஸ்பெக்ட் என்னும் கருவியின்மீது எழுந்தது. எக்ஸ்பெக்ட், ஜான் ஔஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிக்கில் மொழியைக் கொண்டு அமைந்தது.

இச்சோதனை நடைபெறும் முறை எளிது. ஒவ்வொரு சோதனைக்கும் பெரும்பாலும் ஒரு சிறிய நிரலும், அதனுடன் ஒரு கட்டளை ஏடும் இருக்கும். அந்த ஏடு, விசைப்பலகை முன் அமர்ந்த மனிதனைப் போல டிபக்கருக்குக் கட்டளையிட்டு, திரையில் தோன்றும் விடை எதிர்பார்த்த வடிவில் உள்ளதா என்று பார்க்கும். வழக்கமாகப் பத்து விநாடிக்குள் விடை வராவிடின் காலம் கடந்ததாகக் கொள்ளப்படும்.

முடிவுகள் தேர்ச்சி, தோல்வி என இரண்டோடு நிற்பதில்லை. டிபக்கரிலேயே உள்ளதென முன்பே அறிந்து பதிவு செய்யப்பட்ட குறையால் நேர்ந்த தோல்வி ஒரு வகை. கம்பைலர் முதலிய சுற்றுச்சார்பின் குறையால் எதிர்பார்க்கப்பட்ட தோல்வி மற்றொரு வகை. தேவையான வசதி அக்கணிப்பொறியில் இல்லாமையால் நடத்த இயலாதது பிறிதொரு வகை. வினாவே கொடுக்கப்படாத மாணவனைத் தேர்வில் தவறியவன் என்று எழுதுவது முறையன்று என்பதை ஆசிரியர்கள் அறிவர். அதே நியாயம் இங்கும் பொருந்தும்.

குழப்பம் நேர்ந்த விதம்

ஆண்டுகள் செல்லச் செல்லச் சோதனைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. அவை தரும் முடிவுகளோ பல பதினாயிரம். சோதனைகளை அடிப்படைக் கட்டளைகள், சி பிளஸ் பிளஸ் மொழி, பைத்தான் மொழி, இணைந்தோடும் இழைகள், செயலி வகைகள் எனப் பொருள்வாரியாகப் பிரித்து வைத்திருந்தும், மூன்று குறைகள் தலைகாட்டின.

முதலாவது, இடப் பகிர்வு. பல சோதனைகள் தாம் உருவாக்கும் கோப்புகளை ஒரே இடத்தில் எழுதிவந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நடத்தியபோது இதனால் பெருந்தீங்கு விளையவில்லை. காலத்தை மிச்சப்படுத்தப் பல சோதனைகளை ஒரே வேளையில் நடத்த முற்பட்டதும், ஒரே சிலேட்டில் நான்கு மாணவர்கள் கணக்குப் போட்டதைப் போலாயிற்று. ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்தது. இதற்குப் பரிகாரமாக ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி வெளியீட்டு அடைவு வகுக்கப்பட்டது.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். ஒரு மாற்றத்தின் விளைவை அறிய, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த முடிவுகளைப் பெயர்வாரியாக ஒப்பிடுகின்றனர். ஒரே பெயரில் இரண்டு சோதனைகள் இருந்து, ஒன்று தேறி மற்றொன்று தவறினால், தவறியது எது என்று துணிவது கடினம். கோப்பு இருக்கும் இடத்தின் முழுப்பாதையையும் பெயரில் சேர்த்துவிட்டாலோ, கணிப்பொறிக்குக் கணிப்பொறி பெயர் மாறி, ஒப்பீடே இயலாமற் போகும். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் பொருத்தமான முன்னொட்டுச் சேர்க்கப்பட்டது. இரட்டித்த பெயர்களையும் பாதை கலந்த பெயர்களையும் எண்ணிக் காட்டும் ஏற்பாடும் அமைப்பிலேயே செய்யப்பட்டது.

மூன்றாவதே மிகவும் தொல்லை தருவது. சில சோதனைகள் ஒரு நாள் தேறும், மறுநாள் தவறும். டிபக்கரின் விடை ஒரே மூச்சில் வருவதில்லை, துண்டு துண்டாக வருகிறது. விடையின் முற்பகுதியைக் கண்டதுமே சோதனை திருப்தியடைந்து விட்டால், எஞ்சிய பகுதி அடுத்த கேள்விக்குரிய விடையோடு கலந்துவிடும். கலப்பதும் கலவாதிருப்பதும் கணிப்பொறியின் வேகத்தையும் அவ்வேளையின் சுமையையும் பொறுத்தவை. இக்குறையை வெளிக்கொணர ஒரு நல்ல உபாயம் கையாளப்படுகிறது. விடையை எழுத்தெழுத்தாக மட்டுமே படிக்குமாறு எக்ஸ்பெக்ட் கருவியைக் கட்டுப்படுத்தி, அந்நிலையில் சோதனைகள் அனைத்தும் நடத்தப்படுகின்றன. அடுத்த கட்டளைக்கான அறிகுறி தோன்றும்வரை காத்திராத சோதனைகள் அப்போது தாமாகவே பிடிபடுகின்றன.

நிலையற்ற சோதனையால் விளையும் தீமை சிறிதன்று. "இது எப்போதும் இப்படித்தான்" என்று பணியாளர் ஒருமுறை ஒதுக்கப் பழகிவிட்டால், அதே பெயரில் மெய்யான பிழை தோன்றும் நாளிலும் அவர் கண் அதனைக் கடந்து சென்றுவிடும். வீண் எச்சரிக்கை பலமுறை ஒலித்தபின் மெய்யான எச்சரிக்கைக்கு எவரும் செவிசாய்ப்பதில்லை.

வேறொரு வகுப்புமுறை

2010-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட எல்.எல்.டி.பி. என்னும் டிபக்கரின் சோதனைகள் 2019, 2020-ஆம் ஆண்டுகளில் இடம்மாற்றி ஒழுங்குபடுத்தப்பட்டன. இங்கு முதற்பிரிவு பொருளைக்கொண்டு அன்றி, சோதிக்கும் முறையைக்கொண்டு செய்யப்பட்டது. டிபக்கரின் உள்ளுறுப்புகளைத் தனித்தனியே சோதிப்பவை ஒரு பிரிவு. கட்டளைகளை இட்டுத் திரையில் வரும் எழுத்தைப் பார்ப்பவை இரண்டாம் பிரிவு. பைத்தான் மொழி வாயிலாக டிபக்கரை இயக்கி, மதிப்புகளை நேரடியாகக் கேட்டறிபவை மூன்றாம் பிரிவு. திரையில் வரும் வாசகம் மாறினால் இரண்டாம் பிரிவின் சோதனை தவறக்கூடும். மதிப்பையே கேட்கும் மூன்றாம் பிரிவுக்கு அத்தகைய அச்சம் குறைவு. எதனைச் சோதிக்க விரும்புகிறோமோ அதற்கேற்ற முறையைத் தெரிந்தெடுக்க இப்பகுப்புத் துணைசெய்கிறது.

மறு ஒழுங்கமைப்பில் எச்சரிக்கை

சோதனைகளை இடம்மாற்றுகையில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. தவறிய சோதனை தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். ஆனால் பட்டியலினின்றும் விடுபட்டு, நடைபெறாமலே போன சோதனை யாதொரு சத்தமும் செய்யாது. தோல்வி ஒன்றும் இல்லை என்ற அறிக்கையைக் கண்டு எல்லோரும் மகிழ்ந்திருக்க, டிபக்கரின் ஒரு பகுதி காவலின்றி நிற்கும். ஆகவே மாற்றத்துக்கு முன்பும் பின்பும் முடிவுகளின் மொத்த எண்ணிக்கையை ஒப்பிடுதல் இன்றியமையாதது. இடமாற்றத்தையும் உள்ளடக்கத் திருத்தத்தையும் ஒரே படியில் செய்யாது, தனித்தனிப் படிகளாகச் செய்தல் நன்று. மேலும், வேண்டுமென்றே டிபக்கரில் ஒரு பிழையைப் புகுத்தி, அதற்குரிய சோதனை உண்மையிலேயே தவறுகிறதா என்று பார்த்தலும் பயன்தரும். ஒருபோதும் தவற இயலாத சோதனை, சோதனையே ஆகாது.

மழைமானியின் அளவைக் குறிக்கும் பணியாளருக்கும், விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கும் இவ்விதிகள் புதியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி இடம், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், விடை முற்றுப்பெறும்வரை பொறுமை, கணக்கில் ஒன்றும் விடுபடாமை ஆகிய இவையே எந்த அளவைக்கும் நம்பகத்தன்மையை அளிக்கின்றன. பிறர் பிழையைக் காணப் புறப்படும் கருவிக்கு இவை இருமடங்கு தேவையாகும்.