பீரங்கி வார்த்த தளபதி, நீலம் விற்ற வியாபாரி



நம்ம வேலூர் காவிரிப் பாலத்தில் நின்று தண்ணீர் வருகிற திசையைப் பார்த்திருப்பீர்கள். இதே ஆற்றோடு மேலே மேலே போனால் மைசூர் பக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் என்று ஒரு தீவு வரும். திப்பு சுல்தானின் தலைநகரம். 1792-ல் கும்பினிப் படை அதை முற்றுகை போட்டது. அந்தச் சண்டை முடிந்து எழுதிய உடன்படிக்கையில்தான் நம்ம சேலம், நாமக்கல் சீமை வெள்ளைக்காரன் கைக்குப் போனது.

அந்த முற்றுகையில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பக்கத்திலேயே உதவி அதிகாரியாக ஒருவர் இருந்தார். பெயர் கிளாட் மார்ட்டின். 1786-ல் அவர் வார்த்த பீரங்கி ஒன்றும் அங்கே வெடித்தது. அதற்குப் பெயரே ‘லார்ட் காரன்வாலிஸ்’. அவர் இங்கிலீஷ்காரர் இல்லை, பிரெஞ்சுக்காரர். தளபதி மட்டும் இல்லை, பெரிய வியாபாரி. அவர் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாண்டிச்சேரிக்கு வந்த பையன்

1735-ல் பிரான்சில் லியோன் நகரத்தில் ஒரு கைத்தொழில் குடும்பத்தில் பிறந்தார். அம்மா கசாப்புக் கடைக்காரர் மகள். பதினாறு வயதில் (நாம் டிப்ளமோ முதல் வருஷம் சேருகிற வயசு!) பிரெஞ்சுக் கும்பினியில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து கப்பல் ஏறி பாண்டிச்சேரி வந்தார். 1760-ல் இங்கிலீஷ் படை பாண்டிச்சேரியை நெருக்கியபோது அந்தப் பக்கம் போய்விட்டார். அடுத்த வருஷமே பாண்டிச்சேரி விழுந்தது. கட்சி மாறினவர் என்று சொன்னால் சரிதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு வங்காளம் போனார். நில அளவை வேலை கற்றுக்கொண்டார். 1776-ல் லக்னோவில் நவாபின் ஆயுதசாலைக்கு மேற்பார்வையாளர் ஆனார். பீரங்கி வார்ப்பது, துப்பாக்கி செய்வது, மணி வார்ப்பது எல்லாம் அங்கே நடந்தது. நம்ம பாஷையில் சொன்னால் பவுண்டரியும் மெஷின் ஷாப்பும் சேர்ந்த இடம். கடைசியில் 1795-ல் மேஜர் ஜெனரல் ஆனார்.

பட்டாளத்துக்காரர் எப்படி வியாபாரி ஆனார்?

இந்தக் கேள்விதான் எனக்கு முதலில் வந்தது. இன்றைக்கு நம் ராணுவத்தில் வேலையில் இருக்கிற அதிகாரி சொந்தமாக வியாபாரம் பண்ண முடியாது. ஆனால் அன்றைய கும்பினியே ஒரு வியாபாரக் கம்பெனி. சரக்கு வாங்கி விற்க வந்தவர்கள் அதைக் காப்பாற்றப் படை வைத்தார்கள், பிறகு படையை வைத்து நாட்டையே பிடித்தார்கள். முதலாளியே வியாபாரி என்றால் ஆள் மட்டும் சும்மா இருப்பானா? அதிகாரிகள் பலர் சொந்த வியாபாரமும் செய்தார்கள். மார்ட்டினுக்குப் பணம் வந்த வழிகளில் முக்கியமானவை மூன்று.

ஒன்று, நீலம். கான்பூர் பக்கம் நஜாப்கரில் அவருக்குச் சொந்தமாக நீலப் பண்ணை இருந்தது. அவுரிச் செடியை அறுத்து, தொட்டியில் தண்ணீர் விட்டு ஊறவைப்பார்கள். புளித்ததும் அந்தத் தண்ணீரை வேறு தொட்டிக்கு இறக்கி, காற்றுப் படும்படி நன்றாக அடிப்பார்கள். பச்சையாக இருந்த தண்ணீர் நீலமாக மாறி வண்டல் அடியில் படியும். அதைக் காய்ச்சி, பிழிந்து, கட்டியாக வெட்டிக் காயவைப்பார்கள். நம்ம ஊர் ஆலைக்கொட்டாயில் சாறு காய்ச்சி அச்சு வெல்லம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வெல்லம் பிலிக்கல்பாளையம் சந்தைக்குப் போகிறது. அந்த நீலம் ஐரோப்பாவுக்குத் துணிச் சாயம் போடக் கப்பலில் போனது.

இரண்டு, வட்டி. நவாப் ஆசபுத்தௌலாவுக்கே கடன் கொடுத்தவர் இவர்.

மூன்று, வீடு. லக்னோவில் கட்டடங்கள் கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்.

கை சும்மா இருக்காத மனுஷர்

அவருக்கு மூத்திரப் பையில் கல் வந்தது. அறுவை செய்துகொள்ளப் பயம். மயக்க மருந்து இல்லாத காலம் அல்லவா! ஒரு மெல்லிய கம்பியில் அரம் போலப் பல் வெட்டி, தானே உள்ளே செலுத்தி, மாதக்கணக்கில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ராவி அந்தக் கல்லைக் கரைத்தார். ஃபிட்டிங் கிளாசில் ஒரு மணி நேரம் அரம் போட்டாலே கை வலிக்கிறது என்று நாம் முனகுகிறோம்! 1783-ல் பிரான்சில் வெப்பக் காற்று பலூன் பறந்தது. இரண்டே வருஷத்தில், 1785-ல், லக்னோவில் இவர் பலூன் செய்து பறக்கவிட்டார்.

சொத்து எங்கே போனது?

1800 செப்டம்பர் 13-ல் இறந்தார். முறைப்படி கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. சொத்தில் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடங்களுக்கு எழுதிவைத்தார். உயில் வழக்கு பல வருஷம் இழுத்தது. லியோனில் 1833, கல்கத்தாவில் 1836, லக்னோவில் 1845 என்று ‘லா மார்ட்டினியர்’ பள்ளிகள் திறந்தன. லக்னோ பள்ளி அவர் தனக்காகக் கட்டிய மாளிகையிலேயே நடக்கிறது. அவர் சமாதி அதன் நிலவறையில் இருக்கிறது. பள்ளியின் வாசகம் ‘உழைப்பாலும் உறுதியாலும்’ என்று பொருள்படும்.

இதோடு முடித்திருந்தால் ஆண்டு மலருக்கு அழகான கட்டுரை ஆகியிருக்கும். ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவரோடு கடைசி வரை வாழ்ந்த பூலோன் என்ற பெண், சிறுமியாக இருக்கும்போதே அவர் விலை கொடுத்து வாங்கியவர். அடிமைகளை விடுதலை செய்யச் சொல்லி உயிலில் எழுதினார். ஆனால் உயில் நடப்புக்கு வர அவர் சாக வேண்டியிருந்தது. வயலில் அவுரி அறுத்தவன் பெயர், தொட்டியில் இறங்கி அடித்தவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

என் அட்மிஷனுக்கு அப்பா வட்டிக்குத்தான் வாங்கினார். மாதம் பிறந்தால் அம்மா முதலில் எடுத்துவைப்பது அந்தக் காசைத்தான், அப்புறம்தான் அரிசி. எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அதனால் வட்டிப் பணத்தில் எழுந்த பள்ளிக்கூடம் என்று படித்தபோது எனக்கு ஒரு பக்கம் கசந்தது, ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. எத்தனையோ பேர் அதே மாதிரி சேர்த்துவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்துக்குக்கூட எழுதிவைக்காமல் போயிருக்கிறார்களே!

நண்பர்களே! நம்மில் நாளைக்குச் சிலர் பட்டறை வைக்கலாம், லாரி பாடி கட்டலாம், பட்டாளத்துக்கும் போகலாம். மார்ட்டினிடம் அந்தக் கையையும் விடாமுயற்சியையும் எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் கட்டுவதை உயிலுக்குத் தள்ளிப்போடாமல், நம்மிடம் வேலை பார்க்கிறவர் பிள்ளையின் படிப்புக்கு உயிரோடு இருக்கும்போதே ஒரு கை கொடுப்போம்.