அம்மாவுக்கு ‘அணு ஸ்கேன்’ எழுதியிருக்கிறார்களா? பயப்படும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் அலுவலகத்தில் இருக்கிறீர்கள். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கும் மண்டகப்பட்டிலிருந்து அம்மா போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று போன வாரம்தான் உறுதியானது.

“டாக்டரு ஏதோ அணு ஸ்கேன் எடுக்கணும்னு எழுதிக் குடுத்துட்டாரு கண்ணு. அணுவை ஊசி வழியா உடம்புல ஏத்துவாங்களாம். எனக்கு பயமா இருக்கு. விட்டுடலாமா?”

இந்த ‘விட்டுடலாமா’ என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பான குளோபோகேன் மதிப்பீட்டின்படி, 2022-ல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்கு இது புதிதாக வந்தது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நோய்க்குத்தான் சாதகம்.

அணு ஸ்கேன் என்றால் என்ன?

மேமோகிராம், சி.டி. ஸ்கேன் இரண்டிலும் எக்ஸ்ரே வெளியிலிருந்து உடம்புக்குள் பாய்கிறது. கட்டி எங்கே, எவ்வளவு பெரிசு என்று அவை காட்டும். அணு மருத்துவத்தில் நடப்பது நேர்மாறானது. மிகக் குறைந்த அளவு கதிரியக்க மருந்தை ஊசி மூலம் செலுத்துவார்கள். அது போய்ச் சேரும் இடத்திலிருந்து வரும் கதிர்களை வெளியே இருக்கும் கேமரா பிடிக்கும். உறுப்பின் வடிவத்தைவிட, அங்கே செல்கள் என்ன வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதைச் சொல்வதுதான் இதன் பலம்.

பெட் ஸ்கேன் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்லுக்குச் சர்க்கரை நிறையத் தேவை. அதனால் குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவை இணைத்து ஊசி போடுகிறார்கள். புற்றுநோய் செல்கள் அதை ஆவலாக இழுத்துக்கொள்ளும். அந்த இடங்கள் படத்தில் பளிச்சென்று தெரியும். நோய் கல்லீரல், நுரையீரல், எலும்பு என்று பரவியிருக்கிறதா, சிகிச்சைக்குப் பிறகு குறைந்திருக்கிறதா என்பதை இதில் பார்க்கலாம்.

ஃபுளோரின்-18 ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். பஸ்ஸைத் தவறவிட்டு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனால், உங்களுக்காக வரவழைத்த மருந்தில் பாதிக்கு மேல் போயிருக்கும். சொன்ன நேரத்துக்குப் போவது அவ்வளவு முக்கியம்.

கையைக் காப்பாற்றும் ஊசி

இன்னொரு மருந்து டெக்னீசியம்-99எம். எலும்பு ஸ்கேனுக்கு இதுதான். எலும்பில் நோய் பரவியிருந்தால் காட்டிக்கொடுக்கும். மூட்டுத் தேய்மானம், பழைய எலும்பு முறிவு ஆகியவையும் இதில் தெரியும் என்பதால், படத்தில் ஒரு புள்ளி தெரிந்தவுடன் பதறக் கூடாது.

இதன் இன்னொரு பயன் அறுவை சிகிச்சையில். மார்பகத்தில் இந்த மருந்தைச் செலுத்தினால், அது அக்குளில் முதலில் எந்த நிணநீர்க் கணுவுக்குப் போகிறது என்பதை ஒரு கருவி காட்டிவிடும். அந்தக் கணுவை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். அதில் புற்றுநோய் இல்லையென்றால், மற்ற கணுக்களைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் சிலருக்குக் கை வீங்கி, வாழ்நாள் முழுக்கத் தொல்லை கொடுக்கும். நாற்று நடுகிற, களை எடுக்கிற ஒரு பெண்ணுக்கு அந்தக் கைதான் பிழைப்பு.

சந்தேகம் வந்ததும் நேராக பெட் ஸ்கேன் எடுக்கலாமா?

வேண்டாம். ‘எதுக்கும் ஒரு பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்’ என்று பணத்தைச் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். மிகச் சிறிய கட்டிகளை பெட் ஸ்கேன் தவறவிடலாம். காசநோய், கிருமித்தொற்று இருக்கும் இடங்களும் புற்றுநோய் போலவே ஒளிரலாம். ஆரம்பகட்டப் புற்றுநோயில் எல்லோருக்கும் இது தேவைப்படுவதும் இல்லை.

டெக்னீசியத்தை வைத்து மார்பகத்தை மட்டும் படம் எடுக்கும் முறையும் உண்டு. அடர்த்தியான மார்பகத் திசு மேமோகிராமில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகவே தெரியும். அந்தக் குழப்பத்தில் இம்முறை உதவும். ஆனால், கதிர்வீச்சு உடல் முழுக்கப் போவதால் இதை முதல் பரிசோதனையாகச் செய்வதில்லை.

முதல் பரிசோதனை மிகவும் எளிது: பயிற்சி பெற்றவரின் கை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி சுமார் 1.5 லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்த குழுவில், 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அங்கே சந்தேகம் வந்தால் மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட், அடுத்து சதைப் பரிசோதனை, அதன் பிறகே தேவைப்படுவோருக்கு அணு ஸ்கேன்.

கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

கொஞ்சம் உண்டு, அதனால்தான் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்கிறோம். மேமோகிராமில் உடம்புக்குக் கிடைப்பது சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நாம் ஆண்டுக்குப் பெறுவது உலக சராசரியாக 2.4. பெட்-சி.டி.யில் இந்த ஆண்டு அளவைப் போலப் பல மடங்கு கிடைக்கும். ஆனால், நோய் உறுதியான ஒருவருக்குச் சரியான சிகிச்சையைத் தீர்மானிக்க இது உதவும்போது, பயன்தான் பெரிது.

அம்மாவிடம் என்ன சொல்வது?

மண்டகப்பட்டுக்காரர்களுக்கு விழுப்புரம் வழியாகப் போனால் எட்டும் தூரத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. அங்கே அணு மருத்துவத் துறை உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் உண்டு. எங்கே எடுத்தாலும், காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று முதலிலேயே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

பெட் ஸ்கேனுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். சுகர் இருந்தால் மாத்திரை, இன்சுலின் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்டதும் சுமார் ஒரு மணி நேரம் பேசாமல், நடக்காமல் ஓய்வாக இருக்க வேண்டும். முடிந்ததும் நிறைய தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் மருந்து சீக்கிரம் வெளியேறும். அன்று மட்டும் கர்ப்பிணிகளிடமிருந்தும் கைக்குழந்தைகளிடமிருந்தும் சற்றுத் தள்ளி இருந்தால் போதும். மறுநாள் பேரனைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.

இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டு, கடைசியாக இன்னொன்றும் சொல்லுங்கள்: “நீ பயப்படாதம்மா, நான் லீவு போட்டுட்டுக் கூட வர்றேன்.”