பானைக்குள் இருந்து வந்த பாஸ்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பல வீடுகளின் மூலையில் தண்ணீர் ஊற்றாத ஒரு மண்பானை இருந்தது. அதன் வாயில் எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று மல்லாந்து கிடக்கும். விளிம்பைச் சுற்றி எம்-சீல் பூசி அடைத்திருப்பார்கள். பக்கவாட்டில் போட்ட சிறு துளை வழியே ஒயர் வெளியேறி, ஊர் ரேடியோ மெக்கானிக் அசெம்பிள் செய்துகொடுத்த ஆம்ப்ளிஃபையரில் போய்ச் சேரும். ஒலிக்கருவிகள் மீது தீராத மோகம் கொண்ட ஒரு தலைமுறைக்கு இந்தப் பானைதான் பள்ளிக்கூடம்.

அந்த மோகம் எப்படித் தொடங்குகிறது? காசும் பிராண்டும் பின்னால் வருபவை. நூறு முறை கேட்டு மனப்பாடமான ஒரு பாட்டில் அதுவரை காதில் விழாத ஒன்று திடீரென்று கேட்க வேண்டும். அந்தக் கணத்தில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார். பானை ஸ்பீக்கர் அதைத்தான் செய்தது. வெறும் ஸ்பீக்கரை மேசைமேல் வைத்துப் பாட வைத்தால் பாட்டு சோகை பிடித்தாற்போல் ஒலிக்கும். அதே ஸ்பீக்கரைப் பானையில் உட்கார வைத்ததும் இளையராஜா பாட்டின் அடியில் பாஸ் கிட்டார் நடந்து போவது தெரியும். இரண்டு ரூபத்துக்கும் ஒரே கேசட், ஒரே ஆம்ப்ளிஃபையர். மாற்றியது அதைப் பானையில் பொருத்தியவரின் கைதான்.

பானைக்குள் நடப்பது இதுதான். ஸ்பீக்கரின் கூம்பு வடிவப் படலமான கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. ஆக ஒரு ஸ்பீக்கரிலிருந்து நேரெதிரான இரண்டு ஒலிகள் பிறக்கின்றன. இவை சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கீச்சு ஒலிகளுக்கு இதனால் பெரிய பாதகம் இல்லை. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை; அது கோனைச் சுற்றி வளைந்து போகாமல் நேராகப் பாயும். பாஸ் எனும் தாழ்ந்த ஒலியான 50 ஹெர்ட்ஸின் அலைநீளமோ ஏறக்குறைய 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒரு தடையே இல்லை. பின்பக்க ஒலி அதைச் சுற்றிவந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடுகிறது. பானை அந்தப் பின்பக்க ஒலியைச் சிறைப்பிடிக்கிறது. அதன் உபயத்தில் பாஸ் பிழைக்கிறது.

மரப்பெட்டியைவிடப் பானைக்கு இரண்டு சாதகங்களும் உண்டு. எதிரெதிரான தட்டைச் சுவர்கள் இல்லாததால் ஒலி அவற்றுக்கிடையே முட்டிமுட்டி நிற்பதில்லை. சுட்ட மண்ணின் வளைந்த சுவர் விறைப்பாக இருப்பதால், மெல்லிய பலகையைப்போல அது கூடவே அதிர்ந்து பாடுவதும் குறைவு. ஆனால் குறைகளை மறைக்கக் கூடாது. பானை சிறிதாக இருந்தால் எல்லா பாஸ் ஸ்வரமும் ஒரே ‘தொம்’ ஆகிவிடும். அதை உணர்ந்தவர்கள் உள்ளே பஞ்சு அடைத்துப் பார்த்தார்கள். பெரிய பானைக்கு மாறினார்கள். மேல்நோக்கிய ஸ்பீக்கரில் கீச்சு ஒலி கூரைக்குப் போய்விடுகிறது என்று கண்டு தனியாக ட்வீட்டர் சேர்த்தார்கள். இது முறையான ஒலியியல் ஆராய்ச்சிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

எழுதி வைத்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். எட்கர் வில்ச்சர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் கற்பித்தவர். ஆழமான பாஸ் வேண்டுமென்றால் அலமாரி அளவு பெட்டி வேண்டும் என்று எல்லோரும் நம்பிய 1950-களில் அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். கோனை இழுத்துப் பிடிக்கும் விறைப்பான விளிம்புதான் பெரிதாக அசையும்போது ஒலியைக் கெடுக்கிறது. அதைத் தளர்வாக்கிவிட்டு, மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினால் என்ன? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் கைப்பிடி திரும்பி எழும்புமே, அந்தக் காற்றின் துள்ளல்தான் இது. உலோகமும் துணியும் தரும் இழுவிசையைவிடக் காற்றின் இழுவிசை சீரானது. 1954-இல் தன் மாணவர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ‘அக்கூஸ்டிக் ரிசர்ச்’ நிறுவனத்தைத் தொடங்கினார். புத்தக அலமாரியில் வைக்கும் அளவுள்ள பெட்டியிலிருந்து ஆழமான பாஸ் வந்தது. சாதாரண வீட்டுக் கூடத்துக்குள் நல்ல ஒலி நுழைந்ததில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் பாஸ் வராத சின்ன டிரான்சிஸ்டரிலும் நாம் பாட்டை ரசித்தோமே? அதற்குக் காரணம் மூளை. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கையடக்க டிரான்சிஸ்டரின் குட்டி ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. ஆனால் தந்தி 41-இல் மட்டும் அதிர்வதில்லை; அதன் மடங்குகளான 82, 123, 164, 205 என்று மேல்நோக்கியும் அதிர்கிறது. மேலே உள்ள சில மடங்குகள் மட்டும் காதில் விழுந்தாலும், அவற்றுக்கிடையே உள்ள சமமான இடைவெளியை வைத்து மூளை இல்லாத அடி ஸ்வரத்தை ஊகித்துக்கொள்கிறது. ஸ்வரம் கிடைத்துவிடும், நெஞ்சில் உணரும் அதன் கனம் கிடைக்காது. நல்ல ஸ்பீக்கரில் முதல்முறை கேட்பவர், மூளை இதுவரை ஊகித்து வைத்திருந்ததை நிஜமாகச் சந்திக்கிறார்.

அந்தச் சந்திப்பு ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பதற்குக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழுவினர் செய்த ஆய்வு ஒரு தடயம் தருகிறது. 2011-இல் வெளியான அந்த ஆய்வில், கேட்டால் மயிர்க்கூச்செறியும் என்று தாங்களே தேர்ந்தெடுத்த இசையைப் பங்கேற்றவர்கள் கேட்டார்கள். உச்சக் கணத்தில் மூளையின் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்தது. அந்தக் கணம் வரப்போகிறது என்று காத்திருந்தபோதே காடேட் என்ற வேறொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிட்டது. ஆய்வு ஸ்பீக்கர்களைப் பற்றியதல்ல. ஆனாலும் மனப்பாடமான பாட்டில் புதிதாக ஒன்று கேட்பது, காத்திருப்பும் வியப்பும் ஒரே இடத்தில் கூடுவது அல்லவா? புதுக் கருவி வாங்கியவர்கள் புதுப் பாட்டைப் போடாமல் பழைய பாட்டையே தேடிப் போடுவதற்கும் இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

சிலருக்கு இந்த மோகத்தின் வாசல் பாஸ் அல்ல, ஸ்டீரியோ. தமிழில் ஸ்டீரியோவில் வந்த முதல் திரைப்பாடல்கள் இடம்பெற்றதாகப் பரவலாகச் சொல்லப்படும் ‘பிரியா’ படம் 1978-இல் வெளியானது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து பாடகரின் குரல் எழும். இரு காதுகளையும் ஒலி ஒரே நேரத்தில் ஒரே அளவில் வந்தடைந்தால், அது நேர் எதிரிலிருந்து வருவதாக மூளை தீர்மானிக்கிறது. ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான தாமதம் போதும், ஒலி ஒரு பக்கம் நகர்ந்துவிடும்.

இந்த வாசல்கள் இன்று குறுகிவிட்டன என்பது என் கவலை. அன்று கேசட்டில் பாட்டுப் பதிந்து தந்த கடைகளின் வாசலில் யாரும் நின்று கேட்க முடிந்தது. இன்றைய ஷோரூம் இரைச்சலில் விற்பனையாளர் ஒலியைக் கூட்டிக் காட்டுவார். சற்றே சத்தமாக ஒலிப்பதை நம் காது சிறந்தது என்று நம்பிவிடும். ஒலியளவைச் சமமாக்காமல் இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. வில்ச்சரின் நிறுவனம் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஓர் இசையறை வைத்திருந்தது. ரயிலுக்குப் போகிறவர்கள் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து போகலாம். வாங்கச் சொல்லி யாரும் நெருக்க மாட்டார்கள். நம் ஊர்களிலும் அப்படி ஓர் அறை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வில்ச்சர் 1967-இல் நிறுவனத்தை விற்றுவிட்டுச் செவித்திறன் குறைந்தவர்களின் பக்கம் திரும்பினார். அவர்களில் பலருக்கு மெல்லிய ஒலி கேட்பதே இல்லை, ஆனால் பலத்த ஒலி வழக்கம்போலக் காதைத் துளைக்கும். எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கிய அன்றைய செவித்துணைக் கருவிகள் இதைச் சமாளிக்கவில்லை. ஒலியைத் தாழ்ந்த பகுதி, உயர்ந்த பகுதி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் மெல்லியதை அதிகமாகவும் பலத்ததைக் குறைவாகவும் பெருக்கும் முறையை அவர் 1973-இல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை கோராமல், விரும்பியவர் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். இன்று காதில் பொருத்தும் டிஜிட்டல் கருவிகள் அந்த வழியில்தான் இயங்குகின்றன.